குள்ளனுக்குக் கண் வைத்த நாள்

ஆய்வாளருக்கு மாம்பழம் அலுத்துவிட்டது.

"எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் படம்னா மாம்பழம், குடம், கொடி! மாம்பழத்தப் பாத்துப் பாத்தே உடம்பெல்லாம் கட்டி வந்துடும் போல இருக்குதய்யா. புதுசா எதையாவது போடச் சொல்லிக் குடுங்க" என்று ஆசிரியர் கூட்டத்தில் அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் அவர் பார்வையிட வரப்போவது என் இரண்டாம் வகுப்பை.

அறுபதுகளின் தொடக்கம் அது. பயிற்சி முடித்து, செஞ்சியில் கோட்டை மலைக்குக் கீழே இருந்த தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வாளர் என் பாடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஆகும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. செருப்புத் தைக்கும் என் நைனா தினமும் சோற்றில் கை வைக்கும் முன் கேட்பார்: "இன்னாடா, வேல கெட்டியாய்டுச்சா?"

"ஆய்டும் நைனா."

"ஆய்டும் ஆய்டும்னே சொல்லு. சோறு ஆறுது, சாப்டு."

புதிதாக எதைப் போடுவது? பள்ளி அலமாரியில், எங்கோ ஒரு கான்வென்டில் கழித்துக் கட்டிய படப் புத்தகங்கள் கொஞ்சம் கிடந்தன. அதில் ஒன்றில் அவன் இருந்தான். பச்சைக் கோட்டு, உயரத் தொப்பி, சிவப்புத் தாடி. முழங்கால் உயரம்கூட இல்லாத கிழவன். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ஒற்றைச் செருப்பு, பக்கத்தில் பானை நிறையத் தங்கக் காசு. அயர்லாந்து தேசத்துக் குள்ளன், பெயர் லெப்ரகான் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாம்பழத்துக்கு இவனை விட்டால் வேறு மாற்று இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள்களை வைத்தே அவனைக் கட்டினேன். "மொதல்ல ஒரு குடம் போடு. அதான் வயிறு. அதுக்கு மேல உருண்டை. உருண்டை மேல அரிசி அளக்கற படிய கவுத்து வை. அதான் தொப்பி. தாடிக்குத் தேங்கா நாரு." செருப்பையும் சுத்தியல் பிடித்த கையையும் போட எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை அது.

பிள்ளைகளின் சிலேட்டுப் பலகைகளில் குள்ளர்கள் முளைத்தார்கள். சிலருக்கு வயிறு பெருத்துப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தது. கோட்டுக்குப் பச்சை வேண்டும் என்று ஒருவன் கோவை இலையைக் கசக்கித் தேய்த்தான். பலகை அழிக்கிற இலையாயிற்றே. கோட்டு, வயிறு, கால் எல்லாம் போய்த் தொப்பி மட்டும் மிஞ்சியது. "சார், எம் பலகைல இருந்தவன் ஓடிட்டான் சார்!" என்று அவன் அலறியதில் பக்கத்து வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது.

நான்கைந்து நாளில் கண், மூக்கு எல்லாம் வைத்து வகுப்பே கச்சிதமாகப் போட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள், பாடம் சுவையாக இருக்கட்டும் என்று அவன் கதையையும் சொன்னேன். தங்கப் பானைக்கு அவன்தான் காவல் என்றேன்.

"செருப்புத் தைக்கிறவருக்கு அவ்ளோ தங்கம் ஏது சார்?" என்றான் கடைக்காரர் பையன்.

"நல்லா தைப்பாராக்கும்" என்றேன்.

"அப்ப நம்ம கோட்டைப் பொதையலுக்கு ஒரு காவல் சாமி இருக்குதே, அது மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்" என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் ஆய்வாளர் குடையோடு வந்து, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய வாத்தியார் அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். நான் கரும்பலகையில் குடம் போட்டேன், உருண்டை போட்டேன், தொப்பி, தாடி, செருப்பு. பலகைகளில் பலப்பம் கீச்சிடும் சத்தம் அழகாகக் கூடவே வந்தது. கடைசியாகக் கண் வைக்கச் சுண்ணாம்புக் கட்டியைத் தூக்கினேன்.

"சார், வேணாம் சார்!"

ஒரு குரல் இல்லை, மொத்த வகுப்பும். திரும்பிப் பார்த்தேன். ஒரு பலகையில்கூடக் கண் இல்லை.

ஆய்வாளர் எழுந்து வரிசை வரிசையாக நடந்தார். "இன்னாய்யா வாத்தியாரே, அத்தனையும் குருடு?"

"நேத்து வரைக்கும் வச்சாங்க, ஐயா..."

முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். அவள் அப்பா ஐயனார் கோயிலுக்கு மண் குதிரை செய்கிறவர். அதனால் இந்த விஷயத்தில் வகுப்பு முழுவதும் அவள் பேச்சைத்தான் கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நேத்து வரைக்கும் அது சும்மா தாத்தா சார். இப்ப காவல் சாமியாய்டுச்சு. படையல் போடாம கண்ணு தெறக்கக் கூடாது. தெறந்தா எதிர்ல நிக்கிறவங்கள அடிச்சிடும்."

"எதிர்ல நிக்கிறது யாரு?" என்றார் ஆய்வாளர்.

"நீங்கதான் சார்."

பெரிய வாத்தியார் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, வை, வை என்று எனக்குச் சைகை காட்டினார். இரண்டு புள்ளி வைத்தால் பாடம் முடிந்தது, வேலையும் கெட்டியாகியிருக்கும். ஆனால் அந்த முகங்களில் இருந்தது குறும்பு இல்லை, நிஜமான பயம். நான் கட்டியை மேசையில் வைத்தேன். நைனாவின் சோற்றுத் தட்டு கண் முன்னால் வந்து போனது.

"சரி, முறைப்படியே செய்வோம். இன்னா வேணும் சொல்லு" என்று அவளிடமே கேட்டேன்.

"கோழி அறுப்பாங்க சார்."

"கோழி வேணாம்மா" என்றார் ஆய்வாளர் அவசரமாக.

கடைக்காரர் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்தான். ஓரத்தில் பல் பட்டிருந்தது. கடிக்காத பக்கம் கரும்பலகையைப் பார்த்திருக்கும்படி அதை மேசையில் வைத்தான்.

"அப்பறம் மொகம் பாக்கற கண்ணாடி வேணும். சாமி மொதல்ல அதுலதான் பாக்கணும்."

எல்லாரும் விழித்தோம். பெரிய வாத்தியார் கொஞ்சம் தயங்கி, மீசை ஒதுக்குவதற்கு வைத்திருந்த சின்னக் கண்ணாடியைத் தன் ஜிப்பாப் பையிலிருந்து எடுத்தார். அதைக் கரும்பலகைக்கு நேராக அவரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"இப்ப பெரியவங்க யாராவது தெறக்கலாம்" என்று அந்தப் பெண் ஆய்வாளரைப் பார்த்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கரும்பலகைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, கையை மட்டும் நீட்டி, ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. முகத்தைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் விரல் சந்து வழியாகப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பலகைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் அத்தனை பேரும் முண்டியடித்ததில் பெரிய வாத்தியாருக்குக் கை கடுத்துவிட்டது.

கடலை உருண்டையை உடைத்து, ஒரு துண்டைப் பிரசாதமாக வாயில் போட்டுக்கொண்டு ஆய்வாளர் வாசலுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"மத்த இடத்துல நான் கேள்வி கேட்டா பிள்ளைங்க தலையக் குனிஞ்சுக்கும். இங்க என்னையே வேல வாங்குதுங்க. உனக்கு வேல நெரந்தரம்னு எழுதிடறேன், போ" என்றார். இரண்டு எட்டு நடந்து திரும்பினார். "ஆனா தம்பி, அடுத்த வருஷம் மாம்பழமே போடு."

அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் நைனா கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். வகுப்பில் நடந்ததையும் சொல்ல, அவர் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் குள்ளன் செருப்புத் தைக்கிறவன் என்றதும் நிமிர்ந்தார். படத்தைக் காட்டச் சொன்னார். நான் பையில் கொண்டுவந்திருந்த புத்தகத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தியல சரியாத்தான் பிடிச்சிருக்கான்" என்றார். பிறகு பானையைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பி அந்தப் புறமும் பார்த்தார்.

"ஏன்டா, ஒத்தக் கால் செருப்புதான் இருக்குது. இன்னொன்ன எப்பத் தைப்பானாம்?"

புத்தகம் முழுக்கத் தேடினேன். அதில் போட்டிருக்கவில்லை.

"ஜோடிய முடிக்காமயே பானை ரொம்பிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே சோற்றில் கை வைத்தார் நைனா.