இறுக்கிப் பின்னிய சடை

இந்த வீட்டில் சிறுமிக்குத் தலை வாரக் கண்ணாடி வேண்டும். சைப்பிரஸுக்கு வந்து நாலரை வருடமாகிறது. மொழி ஓரளவு பழகிவிட்டது, ஆலிவ் காய்கூடப் பழகிவிட்டது, இந்தக் கண்ணாடி மட்டும் பழகவில்லை. எலெனிக்கு ஏழு வயது. நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. காலையில் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எதிரே இருக்கும் ஆளுயரக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளுடைய சுருட்டை முடியில் தண்ணீர் தெளித்து, வெள்ளையாக ஒரு களிம்பைப் பூசி, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுப்பேன். எங்கள் பக்கம் ஈரத் தலையில் சீப்பு வைத்தால் ஏச்சு விழும். இங்கே காய்ந்த தலையில் வைத்தால் விழுகிறது. வந்த புதிதில் நான் ஆசையாகக் கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை, கிரியா சமையலறை அலுமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவை இங்கே கிரியா என்றுதான் அழைக்க வேண்டும்.

எலெனிக்குப் பின்னல் அவ்வளவாகப் பிடிக்காது. முறுக்குத்தான் பிடிக்கும். முடியைச் சிறு சிறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாக்கி, ஒன்றை ஒன்று சுற்றிக் கயிறு திரிப்பதுபோல் திரித்து நுனியில் சின்ன ரப்பர் போட வேண்டும். போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் இழுபட்டாலும் "பொனாயி!" என்று கத்துவாள். வலிக்கிறதாம். எங்கள் ஊர் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பிள்ளை தலை வாரும்போது வலிக்கிறது என்று வாய் திறந்திருக்கிறது? திறந்தால் சீப்பின் முதுகால் ஒரு தட்டு கிடைக்கும்.

ஒருநாள் அப்படி முறுக்கிக்கொண்டிருந்தபோது, எலெனி கண்ணாடி வழியே, "யாத்தி கிளேஸ்?" என்று கேட்டாள். ஏன் அழுகிறாய் என்று அர்த்தம். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் உளறி வைத்தேன். பிள்ளை என்ன நினைத்ததோ, தாயிடம் போய், தன் தலைச் சிக்கை எடுக்க முடியாமல் நான் அழுகிறேன் என்று சொல்லிவிட்டது. மறுநாள் கிரியா சிக்கெடுக்கும் தூரிகை ஒன்றும், வாசனைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் வாங்கிவந்து என் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, இனி அழ வேண்டாம் என்றார். நல்ல மனுஷி. நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான் அழுதது இந்தத் தலைக்காக இல்லை என்று எந்த மொழியில் சொல்வது?

எங்கள் லயத்து வரிசை வீட்டில் தலை வாரும்போது பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்காது. அம்மா பலகையில் உட்காருவாள். பிள்ளை அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி தரையில் உட்காரும். என் மகள் மதுஷா அப்படித்தான் உட்காருவாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் போய்ப் பெயர் கொடுத்து மலை ஏறுவதற்கு முன்னே அவளுக்குச் சடை பின்னி முடிக்க வேண்டும். எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு, அதை மடித்துக் காதுக்கு மேலே ரிப்பனால் கட்டினால் பள்ளிக்கூடத்துக்கு ரெடி. கொழுந்து பறித்து வெடித்துப்போன என் விரல்களில் அவள் முடி சிக்கிச் சிக்கி வரும். அந்த வெடிப்பெல்லாம் இங்கே வந்து ஆறிவிட்டது. கை இப்போது பூப்போல இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது சந்தோஷமாக இல்லை.

நான் புறப்பட்ட காலையில் மதுஷாவுக்கு ஆறு வயது. வாசலில் வேன் நின்றது. பிள்ளை என் சேலையை விடவே இல்லை. வேறு வழி தெரியாமல் அவளை முழங்காலுக்கிடையே உட்கார வைத்துச் சடை பின்ன ஆரம்பித்தேன். அன்றைக்கு அவ்வளவு இறுக்கமாகப் பின்னினேன். கண்ணீர் வடிந்து வகிட்டில் விழுந்தது. எண்ணெய் என்று நினைத்திருப்பாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, "இந்தா பாரு, அம்மா வர்ற வரைக்கும் இத அவுக்கக் கூடாது. அவுக்காம வச்சிருந்தியன்னா அம்மா சுருக்கா வந்துருவேன். சரியா?" என்றேன். அழுகை நின்றது. இரண்டு கையாலும் இரண்டு சடையையும் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வேனில் ஏறினேன்.

இங்கே வந்து ஒரு மாதத்துக்கு மேலான பிறகுதான் வீடியோவில் அவளைப் பார்த்தேன். கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். பூனாகலைக் குளிருக்குத் தொப்பி போடாத பிள்ளை உண்டா? நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சடையைக் காட்டச் சொன்னால் அப்பாவைப் பார்ப்பாள். அவர் உடனே, "இங்க மழ, சிக்னல் இல்ல" என்று போனைத் திருப்பிவிடுவார். இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் தெரியாது.

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் மலர் அக்காதான் ஒருநாள் போனில் பேச்சு வாக்கில் சொல்லிவிட்டார். "ஒனக்குத் தெரியாதா புள்ள? நீ போட்ட சடையத் தொட விடவே இல்ல. குளிக்கவும் விடல, சீப்பக் கண்டா கத்தும். ஒரு மாசத்துல தலையெல்லாம் பேனு, சட மொத்தமா பாய் மாதிரி ஒட்டிப்போச்சு. டீச்சர் கூப்புட்டு ஏசிட்டாங்க. பொறகு ஒன் வீட்டுக்காரரு தூக்கிக்கிட்டு அப்புத்தளைக்குப் போயி, சலூன்ல வச்சு ஒட்ட வெட்டிட்டு வந்தாரு." பிறகு அக்காவே தொடர்ந்தார். "முடி போனதுக்கு அழுகல புள்ள. சடைய வெட்டிட்டாங்க, இனி அம்மா வர மாட்டாங்கன்னு அழுதுச்சு. மூணு நாளு சோறு எறங்கல."

அதற்கு மறுநாள்தான் எலெனி என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டது.

மதுஷாவின் அப்பாவிடம் சண்டை போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீ அங்கேருந்து என்ன பண்ணப்போற? அழுவ. அத நாங்க இங்க பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். இதை வாசிக்கும், பாஸ்போட் எடுத்துவைத்துக் காத்திருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையிடம் பொய் சொல்லாமல் யாரும் புறப்பட முடியாது, எனக்குத் தெரியும். விமானம் இனிப்பு வாங்கப் போகிறது என்று சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். பிள்ளை கட்டிக் காக்க வேண்டிய பொய்யை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்கள் மறந்துவிடுவோம். பிள்ளை காத்து வைத்திருக்கும்.

போன சித்திரையில் ஒரு மாத லீவில் ஊருக்குப் போனேன். மதுஷாவுக்குப் பத்து வயது. "வாங்கம்மா" என்றாள், விருந்தாளியை வரவேற்பதுபோல. முடி தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. நான் கொண்டுபோன கிளிப், ரப்பர் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்தாள். காலையில் வாசல் நிலையில் தொங்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துத் தானே இரட்டைச் சடை போட்டுக்கொண்டாள். வகிடு கொஞ்சம் கோணலாக இருந்தது. "நான் போட்டு விடவா?" என்று கேட்டால், "இல்லம்மா, எனக்குப் பழகிருச்சு" என்பாள். அதற்குப் பிறகு பிள்ளையிடம் எப்படி வற்புறுத்துவது? அந்த ஒரு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் திரும்பும் நாள் காலை, வாசலில் வேன் வந்து நின்ற பிறகு, அவளாகவே சீப்பை எடுத்துவந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முழங்காலுக்கிடையே இப்போது இடம் போதவில்லை. நான் எண்ணெய் வைத்தேன், நேர் வகிடு எடுத்தேன், பின்னினேன். பழைய பழக்கத்தில் கை இறுகியது. முன்போலவே கண்ணீரும் வந்தது. முன்போலவே அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்ப இறுக்காதீங்கம்மா" என்றாள் மதுஷா. "சாயந்தரம் நானே அவுத்துக்குவேன்."

கோபமில்லை, குத்தலும் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்புகிறேன். இறுக்கியதைத் தளர்த்தி மறுபடி பின்னிக் கொடுத்தேன்.

இங்கே இப்போது கோடை. எலெனி கடலில் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மதியம் ஒன்றரை மணி. பூனாகலையில் நாலு மணி. மதுஷா வாசல் கண்ணாடிக்கு முன்னால் நின்று சடையை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். எலெனியின் முடியை இரண்டு புரியாகப் பிரித்துக் கையில் வைத்திருக்கிறேன். கண்ணாடிக்குள் அவள் என்னையே பார்க்கிறாள். கையை ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிறாள்.