காளிராஜின் வலது பக்கக் கவர்

காளிராஜ் எனக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அவன் மகள் அனுசியாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த சமயம், முதல் வருடப் பணம் கட்டக் கையில் ஒன்றுமில்லை என்று என் பட்டறை வாசலில் வந்து நின்றான். என் மனைவி ஏசம்மாள் இட்லி மாவு விற்றுச் சேர்த்து வைத்திருந்த பணத்தை, என் வாய்ச்சொல்லை நம்பித்தான் எடுத்துத் தந்தாள். அனுசியா இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மடவார் வளாகத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பாத்திரப் பட்டறையில் சாம்பல் அள்ளிப் போட்டவன், இன்றைக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்த இடத்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் எஞ்சின் கவரைக் கழற்றி, பழைய பெயின்ட்டை உரித்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தருகிறவன் இந்த வட்டாரத்தில் ராபர்ட் ஆகிய நான் ஒருவன்தான். தென்காசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வண்டி வருகிறது. பாலிஷ் சக்கரத்தைக்கூட நான் கடையில் வாங்குவதில்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை வாங்கி, அடுக்கி, நானே தைத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் காளிராஜின் ஒரு கவர் ரெண்டு நாள் பைத்தியமாக அடித்தது.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காளிராஜ் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். வாசலில் நுழையும்போதே உள்ளே நூல் நூற்கிற எந்த ரிங் ஃபிரேம் முனகுகிறது என்று சொல்லிவிடுவான் என்பார்கள். மில்லை மூடியபோது கொடுத்த பணத்தில் எல்லோரும் வீட்டைப் பூசினார்கள், நகையைத் திருப்பினார்கள். இவன் பழைய ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழிவுப் பஞ்சை வைத்து அதைத் துடைத்துக்கொண்டு இருப்பான். பிறகு வத்திராயிருப்பில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டு வருவான். நல்ல மனிதன்தான். ஆனால் எதைத் தொட்டாலும் மில் வேலைதான் செய்வான். அவன் வீட்டுக் குழாய் ஒழுகினால், மில்லில் கூம்பாகச் சுற்றி வைக்கிற கோன் நூலை எடுத்துச் சுற்றி முறுக்குவான். குடைக் கம்பி ஒடிந்தாலும் கோன் நூல்தான். மில் போய்விட்டது, மில் புத்தி போகவில்லை.

ஏசம்மாளுக்குப் பெரிய கிரைண்டர் ஒன்று தேவைப்பட்டது. ரெண்டு ஹோட்டல்காரர்கள் தினமும் மாவு கேட்கிறார்கள். வீட்டுக் கிரைண்டர் அரைத்துச் சூடேறி நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஒருவர், கல்லைச் சாய்த்து மாவெடுக்கிற பழைய கிரைண்டர் ஒன்றை இருபத்திரண்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார். அதற்குப் பிறகு வேறு ஆளுக்கு.

"ஏங்க, ஊரு வண்டிக்கெல்லாம் பாலிஷ் போடத் தெரியுது. கொடுத்த காச வாங்கத் தெரியலயா?" என்றாள்.

எனக்கு எப்படி இருக்கும்? நேரே காளிராஜ் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வண்டியக் கொடுத்துருதேம்ணே" என்றான்.

வண்டியை வாங்க ஆளும் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேங்கில் வேலை பார்க்கிற கௌதம்ராஜ் என்கிற பையன். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் கவர்தான் சார் அசிங்கமா இருக்கு. ரெண்டு பக்கமும் பாலிஷ் போட்டு, ஆயில் ஒழுகாம குடுத்தா எழுபத்தஞ்சாயிரம் தாரேன். ஞாயித்துக்கிழமை காலைல வாரேன்" என்று சொல்லிப் போனான். ஆகக் கடனை வசூல் பண்ணுவதற்குக் கூலி வாங்காமல் வேலை செய்ய வேண்டியவனும் நானே. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். கவரை வண்டியிலேயே வைத்துப் பாலிஷ் போடுகிற ஆட்களும் உண்டு. அவர்கள் பெயரைக்கூட என் வாயால் சொல்ல மாட்டேன். சக்கரத்தில் பறக்கும் தூசி கிக்கர் ஓட்டை வழியாக உள்ளே போனால் எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? கழற்றித்தான் செய்ய வேண்டும். ஆயிலை வடித்தேன், கிக்கரை எடுத்தேன், பிரேக் மிதியை இறக்கினேன். ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தேன். நீளத்தை மாற்றிப் போட்டால் உள்ளே மரை கிழியும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரெண்டு பேர் வண்டியைப் பாழாக்கிவிட்டு வந்து நின்றபோது நானே கண்டுபிடித்தது.

இடது பக்கக் கவர் சொன்ன பேச்சைக் கேட்டது. மத்தியானத்துக்குள் பெயின்ட்டை உரித்து, உப்புத்தாள் தேய்த்து, சக்கரத்தில் கொடுத்து எடுத்துவிட்டேன். வலது பக்கத்திலும் ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டது. கவர் வரவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டினேன். மண்ணெண்ணெய் விட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுப் போனேன். சனிக்கிழமை காலையில் வந்து தட்டினால், கருங்கல்லைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

காளிராஜ் ரெண்டு நாளும் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். டீ வந்தால் குடித்தான்.

"ஏலே காளி, உள்ள என்னத்தலே வச்சு ஒட்டியிருக்க?"

"ஆயிலு ஒழுகாம இருக்கப் பேப்பர் கேஸ்கட்தாம்ணே."

"பேப்பர் இப்பிடிப் பிடிக்குமா? புது மாப்பிள்ளையப் பிடிச்ச மாதிரில்லா பிடிச்சிருக்கு!"

"இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்ணே."

"ரெண்டு நாளா? நாளைக்கு ஆளு வருதாம்லே!"

"வந்தா வரட்டும். இன்னொரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுவோம்."

இடுக்கில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அரை நிமிட வேலை. என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. செருகவும் போனேன். ஆனால் அந்த ஓரத்தில் நகக்கீறல் அளவு விழுந்தால் போதும், ஆயில் ஆயுளுக்கும் கசியும். கௌதம்ராஜ் அதைத்தான் முதலில் குனிந்து பார்ப்பான். ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது போய் என் டீ கிளாஸையே உடைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு ஏசம்மாள் வந்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு காளிராஜைப் பார்த்தாள். நான் ரெண்டு நாளாகப் பார்க்காததை அவள் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டாள். வாய் ஓயாதவன் அவன். அடுத்தவன் ஒரு ஆணி அடித்தாலே, மில்லில் நாங்கள் இப்படி அடிப்போம், அப்படி அடிப்போம் என்று பக்கத்தில் வந்து நிற்பவன். சொந்த வண்டி திறக்க மாட்டேன் என்று கிடக்கிறது, யோசனை ஒன்று சொல்லவில்லை.

"தம்பி," என்றாள். "ரெண்டு நாளா அவிய தட்டித் தட்டிக் கை வீங்கிப் போயிருக்காவ. நீங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கிய. வண்டிய விக்க மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லுங்க. கிரைண்டர் கடைக்காரருக்கு இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

காளிராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். "கோன் நூலு மதினி" என்றான்.

"என்னது?"

"பேப்பருக்கு ரெண்டு பக்கமும் கோன் நூல ஷெல்லாக்குல முக்கி ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கேன். மில்லுல கியர் பாக்ஸ் மூடிக்கெல்லாம் அப்பிடித்தான் போடுவோம். ஒரு சொட்டு ஒழுகாது."

"சரிலே, பொறவு கழட்டணும்னா?" என்றேன்.

"கழட்டுறதுக்கா போட்டோம்?"

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை முந்திக்கொண்டது. "மில்லையே கழட்டி வித்துட்டானுவ. நீ இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்க!"

ஏசம்மாள் என்னை முறைத்தாள். காளிராஜ் எழுந்திருக்கக்கூட இல்லை. "கவரு வந்துட்டா வண்டி போயிரும்லாண்ணே. அதான் சொல்லல" என்றான்.

ஏசம்மாள் வண்டிக்குக் கிட்டே வந்தாள். கவரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஷெல்லாக்குன்னா அரக்குதான? என் கம்மலுக்குள்ள இருந்த அரக்கு வெந்நியிலயே இளகிப் போச்சு. இது இளகாதா?" என்றாள்.

நாற்பது வருடம் தொழில் பார்த்த எனக்கு அது தோன்றாமலா போகும்? ஷெல்லாக் என்று இவன் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறு நிமிடமே நானே வெந்நீர் வைத்திருப்பேன். பேப்பர், பேப்பர் என்று சாதித்தானே!

அவளே வீட்டுக்குப் போய் இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன் வாயைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சத்திரப்பட்டித் துணியைக் கிழித்து அதில் முக்கி, கவரைச் சுற்றிப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரிச் சுற்றினேன். ஆற ஆறப் பிரித்து, மறுபடியும் சூடாகச் சுற்றினேன். விரலெல்லாம் வெந்துபோனது. மூன்றாவது கட்டுக்கு ஓரத்தில் அரக்கு பழுப்பாகக் கசிந்தது. மரக்கட்டையை வைத்து ஒரே தட்டு. கவர் என் மடியில் வந்து விழுந்தது. ஓரம் புதுக் கவர் மாதிரி, ஒரு கீறல் இல்லை. இன்னொருவன் கழற்றியிருந்தால் ரெண்டாகப் பிளந்திருப்பான்.

நூல் அப்படியே வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. காளிராஜ் அதை உரித்து, சுருட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குழாய்க்கு ஆகும் என்பான்.

அன்றைக்கு இருட்டும் வரை சக்கரத்தை நிறுத்தவில்லை. புதுப் பேப்பர் கேஸ்கட் வெட்டி, அட்டையில் இருந்த ஸ்க்ரூவை வரிசையாகப் போட்டு மூடினேன். ஆயில் ஊற்றிக் கிக்கரை உதைத்தவுடன் வண்டி பிடித்தது. ஒரு சொட்டுக் கசியவில்லை, நூலும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கௌதம்ராஜ் வந்தான். வலது பக்கக் கவரில் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். பிறகு, "மூவாயிரம் குறைச்சுக்கலாமா சார்?" என்றான்.

"தம்பி, உம்ம முடி தெரியுதுல்லா அதுல? அதுக்கே மூவாயிரம் ஆகும்" என்றேன். பேச்சு அத்தோடு நின்றது.

பணம் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, காளிராஜைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினான். சொந்த வண்டியில் காளிராஜ் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடவினான்.

மத்தியானம் ஆனது. ஆள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கிரைண்டர் கடைக்காரர் ஏசம்மாளுக்கு ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். "பணத்த வாங்கிக்கிட்டு அப்பிடியே வத்திராயிருப்புக்கு பஸ் ஏறிட்டாம்போல" என்று கத்தினேன்.

"செத்த சும்மா இருங்க" என்றாள் ஏசம்மாள், மாவைக் கரைத்துக்கொண்டே.

வெயில் தாழ்ந்த பிறகு காளிராஜ் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கலே போன இம்புட்டு நேரம்?"

"பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்து வாரேம்ணே. வண்டி இல்லல்லா."

நான் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி உள்ளே போனான். "காசு மதினியோடதுண்ணே" என்றான்.

ஏசம்மாள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். காளிராஜ் விரலை நாக்கில் தொட்டு, மில் ஆபீஸில் சம்பளம் போடுகிற மாதிரி வாய்விட்டு எண்ணி, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தான். நாற்பத்து மூன்றில் ஒரு தடவை நின்று, பையைத் துழாவினான். நூல் சுருளோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு கடைசி நோட்டு வெளியே வந்தது. நூலைப் பிரித்து எடுத்துக்கொண்டு, நோட்டை அவள் கையில் வைத்தான்.

"நாப்பத்து நாலு" என்றான்.