சின்னம்மாவுக்கு மூன்று வித்தை போதும்

என் மாமா ஒரு பெரிய வீரர். அவரே சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர் சிலம்பம் சுற்றினால் ஊரே வேடிக்கை பார்க்கும். அந்தக் கம்பு யார் மேலும் பட்டதில்லை, மாமாவைத் தவிர. அப்பேர்ப்பட்டவர் முன்னால் ஒரு சாயங்காலம் அவருடைய தங்கை, அதாவது என் சின்னம்மா, போய் நின்றாள்.

“அண்ணே, பின்னாலேர்ந்து ஒருத்தன் கையப் பிடிச்சா எப்படி உருவுறது?”

மாமா உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். “அதுக்கு மொதல்ல வணக்கம் போடணும். அப்புறம் நாலு சுத்து சுத்தணும். அப்புறம்...”

“நீ சுத்தி முடிக்கிறதுக்குள்ள அவன் என்னை இழுத்துட்டே போயிடுவான்லா! கைய உருவுறத மட்டும் சொல்லு.”

‘அவன்’ என்பது சின்னக் கங்காணி. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பவர். அந்த மாதம் சின்னம்மாவுக்குக் கொடுத்தது மலையடிவாரத்துக் கடைசி நிரை. அங்கே அவள் தனியாகத்தான் பால் வெட்ட வேண்டும். ‘மரம் பார்க்க’ அவர் மட்டும் அடிக்கடி வருவார்.

“நான் போயி அவன் மண்டையப் பொளந்துட்டு வாரேன்” என்று மாமா எழுந்தார்.

“பொளந்துட்டு? நாளைக்கே நம்ம எல்லாரையும் தோட்டத்த விட்டுத் தொரத்துவானுங்க. தையில எனக்குக் கல்யாணம். பேச்சு கிளம்பினா மாப்பிள்ள வீட்டுல நிறுத்திருவாங்க. ஒக்காருண்ணே.”

“சரி, பால் வெட்டுற கத்தி கையிலதானே இருக்கு?”

“கத்தியால கீறினா போலீசு என்னையத்தான் பிடிக்கும்.”

ஆக, தை மாதம் வரை சத்தமில்லாமல் தப்பிக்க வேண்டும். இதெல்லாம் பெரியவர்கள் கவலை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு அருமையான ஒரு விளையாட்டு வந்திருக்கிறது என்பதுதான்.

மாமாவிடம் இருந்த வித்தைகளில் சின்னம்மா மூன்றைப் பொறுக்கினாள். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி உருவுவது. முழங்கையால் பின்னால் ஓர் இடி. குதிகாலால் பாதத்தில் ஒரு மிதி. மற்றதெல்லாம் திருவிழாவுக்கு என்று தள்ளிவிட்டாள். மாமாவுக்கு ரொம்ப வருத்தம்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் பலா மரத்தைப் பார்த்து, பால் வெட்டுவது போலக் குனிந்து நிற்பாள். நாங்கள் பூனை மாதிரி வந்து பிடிக்க வேண்டும். பிறகு அரிசி களையும்போது, தலை வாரும்போது, எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று சட்டம் விரிந்தது. என் பாதம் சின்னது என்பதால் பார்த்து மிதிப்பாள். மாமாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

“போதும்டி, வெலா எலும்பு பொடியாயிருச்சு!”

“இன்னும் யோசிச்சுத்தான் பண்றேண்ணே. யோசிக்காம வரணும். பிடி!”

மார்கழிக் கடைசியில் ஒருநாள் சின்னக் கங்காணி பெரட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். பாதத்தில் துணிக்கட்டு. கேட்டவர்களிடம், “வேரு தடுக்கிருச்சு” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சின்னம்மாவிடம் தைலம் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது.

“கொண்டு போய்க் குடுடா. நான் குடுத்தேன்னு மறக்காம சொல்லு.”

சொன்னேன். பாம்பை வாங்குவது போல அவர் புட்டியை வாங்கினார். மறுநாள் சின்னம்மாவுக்கு ரோட்டோரத்து நிரை கிடைத்தது. தைலத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

தையும் வந்தது. மாப்பிள்ளை ஈப்போ டவுனில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்; சாது. கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், பெண்ணின் கையைப் பிடித்து வலம் வரச் சொன்னார் பூசாரி. சின்னம்மா மாலை பாரத்தில் குனிந்து நின்றாள். மனிதர் கூச்சத்தில் முன்னால் வராமல், பின்பக்கமாக எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

உருவல், இடி, மிதி. மூன்றும் முடிந்தபோது மாப்பிள்ளை நாதஸ்வரக்காரர் மடியில் கிடந்தார்.

மேளம் நின்றது. சின்னம்மாவின் முகம் வெளுத்தது. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாளோ, அது இப்போது அவள் கையாலேயே நடந்துவிடும் போலிருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவி சின்னம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு, ஓரமாக நின்ற சின்னக் கங்காணியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். “அடி ஆத்தே, வேரு இதுதானா!” என்று அவள் சிரித்த சிரிப்பு, பெண்கள் பக்கம் முழுக்கப் பரவியது. சின்னக் கங்காணி சாப்பிடாமலே கிளம்பிப் போனார். அன்று பாயசம் வேறு.

மாப்பிள்ளை போனவரையும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். மெல்ல எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“ராத்திரியில வண்டி ஓட்டுறவன் நான். எங்க, எனக்கும் அத மெதுவா காட்டு.”

மறுநாள் ஈப்போவுக்கு வண்டி ஏறும் முன்பு சின்னம்மாவைக் காணோம். தேடிப் போனால், லயத்துக்குப் பின்னால் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருத்தி கையை ஒருத்தி பிடிப்பதும் உருவுவதும் மிதிப்பதுமாக இருந்தார்கள். நடுவில் கல்யாணச் சேலையோடு சின்னம்மா. புதுக் கும்மி பழகுகிறார்கள் என்று நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். ஏன் யாருமே பாட்டுப் பாடவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.