மணலுக்குள் வைத்த ரோசா

போன கிழமை காலுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிவந்தேன். பெட்டி மூலையில் கிடந்த, ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை எறியப் போனபோது மகள் தடுத்தாள். "எறியாதேங்கோ அம்மா, பூக் காயவைக்க எனக்கு வேணும்." தன் அறையிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தும் காட்டினாள். காய்ந்த ரோசாவின் வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; பாதி தேயிலை, பாதி பழைய புத்தகம். அது மூக்கில் ஏறியதும் நான் அச்சுவேலியில், கனகம் மாமியின் குசினி அடுப்படியில் நின்றேன்.

அது சண்டைக் காலம், எனக்கு இருபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் முதல் வேலை. மாமி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். உறவொன்றும் இல்லை, வாய்க்கு வந்த முறை அது. புகையிலைத் தோட்டம் செய்த கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் தயா. நான் குடிவருவதற்கு நாலு மாதம் முன்பு, யாழ்ப்பாணம் போய்வாறன் என்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. போவதற்கு முந்தின கிழமை கிணற்றடியில் ஒரு ரோசாத் தடி நட்டிருந்தான்.

அது முதன்முதல் பூத்தது நான் இருந்த காலத்தில்தான். கடுஞ்சிவப்பு. விரிந்த அன்று மாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அவன் வரேக்கை இதைக் காட்டோணும் பிள்ளை. அதுவரைக்கும் இது கிடக்குமே?"

என் வாய் சும்மா இருக்காது. விஞ்ஞானத்தில் நாற்பது புள்ளியைத் தாண்டாதவள், "மணலுக்கை வைச்சுக் காயவிட்டா கனகாலம் கிடக்கும் மாமி, நான் செய்து தாறன்" என்றேன்.

கடற்கரை மணலை உப்புப் போக மூன்று தண்ணீரில் கழுவி, தாச்சியில் வறுத்து, அரித்தோம். ஆறியபின் பிஸ்கற் ரின்னுக்குள் பூவை நிமிர்த்தி வைத்து, தேக்கரண்டியால் இதழ் இதழாக மணல் இறக்கினோம். மாமி மூச்சுக்கூட விடவில்லை. இரண்டு கிழமை திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டவளும் நான்தான்.

ஒன்பதாம் நாள் நானே திறந்தேன். மாமி தயாவின் படத்தை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போயிருந்தார். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர், ஏதோ ஒரு வரிசை. வரும்போது வீட்டிலாவது ஒரு நல்ல செய்தி இருக்கட்டுமே என்று நினைத்தேன். அவசரத்தில் ரின்னைச் சரித்தேன். இதழெல்லாம் கழன்று மணலோடு கொட்டுண்டன. காம்பு மட்டும் என் கையில்.

செடியில் இரண்டாவது பூ விரிந்திருந்தது. அதை வெட்டி மணலுக்குள் புதைத்துவிட்டு, வந்த மாமியிடம், "இன்னும் காயேல்லை, ரெண்டு கிழமை செல்லும்" என்றேன். போன இடத்தில் தயாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை; அன்று அவர் சாப்பிடவில்லை. நானும்தான், காரணம் வேறு.

இந்த முறை பொறுமையாக எடுத்தோம். பூ முழுசாக வந்தது, நிறம் மட்டும் கறுத்திருந்தது. மாமி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"பரவாயில்லை. அவனும் வெயிலிலை கறுத்துத்தான் வருவான்."

ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, சாமிப்படத் தட்டில் வைத்தார்.

நாலு வருடம் நான் வாய் திறக்கவில்லை. கலியாணமாகிப் புறப்பட்ட நாளில்தான் தாங்கமுடியாமல் சொன்னேன்.

"மாமி, அது முதல் பூ இல்லை."

"தெரியும் பிள்ளை. அண்டைக்குக் காலமை செடியிலை நிண்ட பூவைப் பின்னேரம் காணேல்லை."

"அப்ப ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிப்போடுவாய். பிறகு எனக்கு அந்தப் பூவும் இல்லை."

தயா வரவில்லை. பின்னாளில் ஒரு கந்தோரில், மகன் இறந்ததாகப் பத்திரம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். மாமி பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தாராம்.

இப்போது மாமியும் இல்லை. காணியை அவரின் தமையன் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். அண்மையில் அந்த வழியால் போனேன். கிணற்றைத் தூர்த்து, முற்றமெல்லாம் சீமெந்து போட்டிருக்கிறது. மாமி இருந்தவரை அந்தப் படலைக்குப் பூட்டு இருந்ததில்லை. "வாறவன் வெளியிலை நிக்கக்கூடாது" என்பார். அந்த இடத்தில் இப்போது ஆளுயர இரும்புக் கேற், பட்டப்பகலிலும் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் வெளியில் நின்றுவிட்டு வந்தேன்.