கடன் இல்லாத கம்பெனி

காசிமேட்டுக்குப் போகிற சாலையில் ரஷீது பாயின் கயிற்றுக்கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கிற இடத்தில், காலை ஒன்பதேகால் மணிக்கு, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதுதான் கடை, அவர்தான் பாய். பங்குச் சந்தை திறக்கிற நேரமும் அவர் கடை திறக்கிற நேரமும் ஒன்றாகிப்போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், அப்புறம்தான் மீதி ஷட்டர் மேலே போகும். அது போகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு விலை ஏறியதா இறங்கியதா என்று எதிர் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும்.

படகுக்கு நைலான் கயிறு, லாரிக்குத் தார்ப்பாய், கப்பலில் கழித்துவிட்ட பழைய வடம், கப்பி, கொக்கி, இதுதான் வியாபாரம். பெரிய லாபம் கிடையாது, பட்டினியும் கிடையாது. பாய் வட்டி வாங்க மாட்டார், கொடுக்கவும் மாட்டார். வங்கிக் கணக்கில் தானாக வந்து விழுகிற வட்டியைக்கூட வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, நன்மை எதுவும் எதிர்பார்க்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவார். மீன் ஏலக்கூடத்துப் பக்கத்தில் இருக்கிற கக்கூஸுக்குக் கதவு வந்தது அப்படித்தான். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருகிறவர்களுக்கு இது தெரியாது. பாயும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் பங்குச் சந்தைக்குள் எப்படி விழுந்தார் என்று கேட்டால், ஹஜ்ஜுக்குப் போகிற வழியில் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் மனைவி அஜீசுன்னிசாவிடம், நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுத்த அன்றைக்கு அவருக்கு மீசை கறுப்பு. அஜீசுன்னிசாவுக்குத் தனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு மகள் உமைமாவின் படிப்பு வந்தது, அவள் கல்யாணம் வந்தது, புயலில் கடைக்கூரை போனது. எல்லாம் தாண்டி ரெண்டு பேருக்கும் போதுமான பணம் ஒருவழியாகச் சேர்ந்தபோது, அரசாங்கக் குலுக்கலில் அவர்கள் பெயர் விழவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பணம் சும்மா கிடந்தது, பயணச் செலவோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் செங்குட்டுவன் துணி காயப்போடக் கொடி கட்டக் கயிறு வாங்க வந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களையும் வால்வுகளையும் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், திருவொற்றியூரில் வீடு. ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை ஜெல்வின் மைக்ரோ என்கிற கம்பெனியில் போட்டிருந்தார். போட்டவருக்குத் துணை தேவைப்பட்டது.

இப்போது இருக்கிற கேமரா, தான் பார்க்கிறதையெல்லாம் தூரத்தில் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, பதில் வருகிறவரை காத்திருக்கிறது; ஜெல்வின் செய்கிற சிப்பு கேமராவுக்குள்ளேயே இருந்துகொண்டு, அதுவே பார்த்து அதுவே முடிவு பண்ணிவிடும் என்று விளக்கினார். பாய்க்கு உடனே விளங்கியது. விலை கேட்கிறவனை நிற்க வைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போடாமல், தானே விலை சொல்லித் தானே கயிறு அறுத்துக் கொடுக்கிற ஆள். அப்படி ஓர் ஆளைத்தான் அவர் கடைக்கு வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. சிப்பாவது அப்படி இருக்கட்டுமே என்று தோன்றியது.

ஆனால் அவரைச் சாய்த்தது சிப்பு இல்லை. செங்குட்டுவன் போனில் கம்பெனியின் விவரங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, கடன் என்று எழுதியிருந்த இடத்துக்கு நேரே பூஜ்யம் இருந்தது. பாய் தள்ளிய விரலைப் பிடித்து நிறுத்தினார். ஒரு ரூபாய்கூட வட்டிக்கு வாங்காமல் இவ்வளவு பெரிய கம்பெனியா என்று இரண்டு முறை கேட்டார். பஜாரில் ஒருவனைப் பற்றி விசாரித்தால் முதலில் கேட்பது, எங்கெங்கே பாக்கி வைத்திருக்கிறான் என்றுதான். பாக்கி இல்லாதவன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், வட்டித் தொழில் பண்ணாத, கடன் இல்லாத கம்பெனி என்றால் தாராளமாகப் பங்கு வாங்கலாம் என்றார். ஹஜ்ஜுப் பணம் மொத்தமும் ஜெல்வினுக்குப் போனது.

அப்புறம் நடந்ததை அலுப்பில்லாமல் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. சிப்பின் மாதிரி தயார் என்று ஒரு வருடம் சொன்னார்கள். மாதிரியில் சின்னத் திருத்தம் என்று மறு வருடம். பெரிய ஆர்டர் வந்துவிட்டது, கொடுத்தவர் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தரவில்லை என்றார்கள். அந்தப் பெயர் தெரியாத பெரியவர் கடைசிவரை பெயர் தெரியாமலே போய்விட்டார். அடுத்த காலாண்டு, அடுத்த காலாண்டு என்று அவர்கள் சொன்ன காலாண்டுகளைக் கயிறாகத் திரித்திருந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கப்பலையே கட்டிப் போட்டிருக்கலாம். விலை பாதியாகச் சரிந்து, அங்கேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டது.

போனில் 'ஜெல்வின் குடும்பம்' என்று ஒரு குழு இருந்தது. ஈரோட்டுக்காரர், சூரத்துக்காரர், துபாயில் வேலை செய்கிறவர் என்று முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர். காலையில் நம்பிக்கை சொல்வார்கள், மத்தியானம் திட்டுவார்கள், சாயங்காலம் மேலும் கொஞ்சம் வாங்கினேன் என்று ஒருவர் ரகசியம் மாதிரி எல்லோருக்கும் சொல்வார். பாய் எதுவும் எழுத மாட்டார், எல்லாவற்றையும் படிப்பார். துறைமுக கேட்டில் புதிதாகக் கேமரா மாட்டியபோது, நம்ம சிப்பாக இருக்குமோ என்று ஏணியில் நின்ற ஆளிடமே போய்க் கேட்டார். உள்ளே சிப்பு இருக்கிற விஷயமே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வருடாந்திரக் கூட்டத்தை வீடியோவில் நடத்தினார்கள். கேள்வி கேட்கப் பாயும் பெயர் கொடுத்து, ஒரு முற்பகல் முழுக்கக் கடையைக் கவனிக்காமல் காத்திருந்தார். முறை வந்தது. நலம் விசாரிக்காமல் வியாபாரம் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. எனவே நிர்வாக இயக்குநருக்கு சலாம் சொல்லி, அவர் உடம்பு எப்படி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு, கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் துஆ செய்வதாகச் சொல்லி, சிப்பு எப்போது கடைக்கு வரும் என்று வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அஜீசுன்னிசா சமையற்கட்டிலிருந்து இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வருடம் அந்தப் பங்கினால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

விற்றுவிட்டு வெளியே வாருங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பாய் கேட்கவில்லை. நைலான் கயிறு அழுகுவதில்லை. மூலையில் வருடக்கணக்காகக் கிடந்த கட்டுக்கும் ஒரு புயலுக்கு முந்தின நாள் ஆள் வந்துவிடும். பங்கையும் அவர் கயிறு மாதிரியே வைத்திருந்தார். இதற்கிடையில் அஜீசுன்னிசா மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். பிறகு நின்று தொழுவதை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தாள். கயிறு அழுகாது, முட்டி அப்படியில்லை. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த வருடம் மாதவரத்தில் இருக்கிற அவள் தம்பி சுஃபியான் போன் பண்ணினான். அவனும் மனைவியும் ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள், நாலு பேரும் ஒரே விண்ணப்பத்தில் போகலாம், அக்காவுக்கு நடக்க முடியாத இடத்தில் சக்கர நாற்காலி தள்ள நானிருக்கிறேன், மச்சான் முடிவு சொல்ல வேண்டும் என்றான். பாய் கணக்குப் பார்த்தார். ஜெல்வின் விற்கிற விலைக்கு, கடையில் சேர்ந்த கொஞ்சத்தையும் போட்டால், ஒருவர் போகலாம். ஒருவர் மட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

அந்த வாரத்திலேயே பங்கு எகிறியது. ஒரே மூச்சில் இல்லை, நாலைந்து நாள் தொடர்ந்து ஏறி, அவர் வாங்கிய விலைக்கே வந்து நின்றது. குழுவில் திருவிழா. ஷட்டர் ஒரே தள்ளலில் மேலே போனதைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்காமலே டீ அனுப்பினார். பாய் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். வெகுநாள் கழித்து, மறைக்காமல் சந்தோஷமாக இருந்தார். நாலு பேராகவே போடலாம் என்று சுஃபியானிடம் சொல்லப் போனை எடுத்த நேரத்தில் செங்குட்டுவன் வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கூடவே வேறு என்னவோவும் இருந்தது.

விலை ஏன் ஏறியது என்று அவர்தான் சொன்னார். பெரிய நிதி நிறுவனம் ஒன்று ஜெல்வினுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. நல்ல வட்டிக்கு. இனிமேல் சிப்பு செய்து வெளியே அனுப்பக் காசு இருக்கிறது என்றுதான் சந்தை கொண்டாடுகிறது.

"இத்தினி வருசமா கடன் இல்ல, கடன் இல்லன்னு குந்தினு இருந்தோமே பாய். அது இன்னான்னு இப்பதான் பிரியுது. அவுங்க வாங்காம இல்ல. கேட்ட எடத்துல எல்லாம் எவனும் குடுக்கல. அதான் கடன் இல்ல."

பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். எவனும் கடனுக்குச் சரக்குக் கொடுக்காததால் கடனே இல்லாமல் இருந்தவர்கள் ராயபுரம் பஜாரிலேயே ரெண்டு பேர் உண்டு. அவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அவர்களுக்குச் சரக்குக் கொடுத்ததில்லை. பஜாரில் தெரிந்த விஷயம் போனில் பார்த்தபோது தெரியாமல் போய்விட்டதே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சிப்பு செய்கிற கம்பெனி என்றால் மனிதர்கள் நடத்துகிற கம்பெனி இல்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த ஆத்திரம் போன பிறகும் ஒன்று போகவில்லை. ஏறின விலை வட்டியால் ஏறின விலை. ஹஜ்ரத்திடம் போனார். கம்பெனியின் கடன் அதன் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் மார்க்கம் படித்த ஆலிம்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், விற்று எடுத்துக்கொள்ளலாம், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார் ஹஜ்ரத். பாய் தலையாட்டிவிட்டு வந்தார். மனம் தலையாட்டவில்லை. கக்கூஸ் கதவுக்குப் போகிற காசில் கஃபாவுக்குப் போவதா என்பதிலேயே அது நின்றுவிட்டது. இதற்கு இறையச்சம் என்று பெயரா பிடிவாதம் என்று பெயரா என்று அவரை அறிந்தவர்களுக்குள் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை.

வீட்டில் சொன்னார். கடன் செய்திக்கு முந்தின நாள் விலை என்னவோ அதுதான் நம்முடையது, மேலே ஏறினது நம்முடையது இல்லை என்றார். அப்படியென்றால் ஒருவர்தான் போக முடியும், நீ உன் தம்பியோடு போ என்றார். அஜீசுன்னிசா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஹஜ்ரத்தே செல்லும்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு செல்லல. உங்க மனசுக்கு எல்லாம் சுத்தமா வேணும், அதுக்கு எத்தினி வருசம் ஆனாலும் பரவால்ல. என் முட்டி கிட்ட யாரு கேட்டாங்க?"

பாய் முடிவை மாற்றவில்லை. பங்கு மொத்தத்தையும் விற்றார். ஏறின பகுதியைப் பக்கத்துத் தெருவில் டயாலிசிஸுக்குப் போய்வருகிற ஒருவரின் வீட்டுக்கு, யார் கொடுத்தது என்று தெரியாமல் சேர்ப்பித்தார். செங்குட்டுவன் விஷயம் தெரிந்து ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. அவர் விற்கவில்லை, இன்னும் வைத்திருக்கிறார். பாய் மட்டும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் பழக்கத்தில் போனை எடுத்து, பார்க்க ஒன்றுமில்லாமல் திரும்பப் பையில் போடுவார்.

இந்தத் தடவை குலுக்கலில் பெயர் விழுந்தது. மூன்று பேருக்கும் விழுந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ மனம் நோகச் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அஜீசுன்னிசா தெரு முழுக்கப் போய்வந்தாள். மீன்காரி ரெஜினாவிடம் விலைக்குச் சண்டை போட்டதற்குக் கேட்டாள். மாடியில் குடியிருக்கிறவர்களிடம் கேட்பதற்காக, ஏறுவதையே விட்டுவிட்ட படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். திரும்பி வந்தபோது அவளால் நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

பாய் தரையில் உட்கார்ந்து அவளுடைய சூட்கேஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கடையிலேயே நல்ல கயிறு, அடையாளம் தெரிவதற்காகச் சிவப்பு நிறம்.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றாள் அவள். "அன்னிக்கு கோவத்துல பேசிட்டேன். பொருந்திக்குங்க."

பாயின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. "நான் இல்ல கேக்கணும், அஜீசு" என்றார்.

"கேளுங்களேன்."

அவர் கேட்டார். முகம் தெரியாத நிர்வாக இயக்குநரிடம் அத்தனை சரளமாக நலம் விசாரித்த மனிதருக்கு, சொந்த மனைவியிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. காக்க வைத்ததற்குக் கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து என்று சொன்ன வாக்கை அவரே அறுத்ததற்குக் கேட்டார். கயிற்றைப் பிடித்தபடி அழுதார்.

அஜீசுன்னிசா முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து அங்க நானே நடக்கணும். நடந்துட்டு வந்து சொல்றேன், பொருந்திக்கினனா இல்லியான்னு. இப்ப முடிச்ச இறுக்கிப் போடுங்க, அவுந்துறப் போவுது."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார்.