கொட்டி என்று கத்திய காலை

காலில் அப்பிய சேறு காய்ந்து வெடிக்கும்போது ஒரு வாசனை வரும். அழுகிய இலையும் மீன் செதிலும் கலந்தது போன்ற அந்த வாசனையை நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் தள்ள முடியாது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் வளர்ந்த எனக்குப் பன்னிரண்டு வயதுவரை அது தெரியாது. தண்டவாளத்தைத் தாண்டினால் கடல்தான். ஆனால் அங்கே ஆமி "சென்றி" நிற்கும் என்று அம்மா விடமாட்டார். காலி வீதியில் இறங்கினால் "செக் பொயின்ட்". வீட்டுக்குள் இருந்தால் எந்த நேரம் வீடு வீடாகச் சோதிக்கும் "ரவுண்டப்" வருமோ என்ற பயம். யுத்தம் வடக்கில்தான் நடந்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். மண்ணை மிதிக்காமலே ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது அவர்களுடைய கணக்கில் வருவதில்லை.

அப்பா கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் தம்பிக்கும் ஒரே வசனத்தைச் சொல்லி அனுப்புவார். "வெளியில வாய் திறக்காதையுங்கோ. திறந்தாலும் தமிழில திறக்காதையுங்கோ."

இப்படி வாயை மூடி வளர்த்த பிள்ளைகளை வாய் திறக்க வைப்பதுதான் தன் வேலை என்று வந்து சேர்ந்தார் மேர்சி அக்கா. கொட்டாஞ்சேனைக்காரி, துறைமுகத்தில் வேலை செய்த ஒருவரின் மகள், இருபதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு "கிளப்" நடத்தினார். சைவம், வேதம், இஸ்லாம் என்று பார்க்காமல் வெள்ளவத்தைப் பிள்ளைகள் எல்லோரும் போனோம். கரம் விளையாடியும் பாட்டுப் பாடியும் சலித்த ஒரு நாள், இந்த நாலு சுவருக்குள் வைத்துக்கொண்டு இது நம்முடைய ஊர் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அவர் பெற்றோர்களிடம் சண்டைக்குப் போனார். ஒரு வான் பிடித்தார். அத்திடியப் பக்கத்துச் சதுப்புக்குக் கூட்டிப்போய், மத்தியானத்துக்குள் வீட்டில் விடுவதாகச் சத்தியம் செய்யாத குறை. இரத்மலானை விமான நிலையம் கிட்ட இருக்கிறதே, அந்தப் பக்கம் முழுக்க ஆமி நிற்குமே என்று அப்பா முனகினார். அம்மாதான் விட்டார்.

சதுப்பில் மேர்சி அக்கா எங்களுக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அவர். அதை ஒளிக்கவும் மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. அதற்கு "வீட்டுப் பேர்" என்று பெயர். எதையாவது முதலில் காண்பவர், அதற்குத் தன் வீட்டில் என்ன சொல்வார்களோ அந்தப் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் திருப்பிக் கத்த வேண்டும்.

"சத்தமா சொல்லுங்க. பேர் தெரிஞ்சா அது நம்ம ஆள்" என்பார்.

அவ்வளவுதான் விளையாட்டு. நாங்கள் தும்பி என்றதைப் பதுளையிலிருந்து வந்த பையன் தட்டான் என்றான். எல்லோரும் தட்டான் என்று கத்தினோம். தண்ணீர்க் கரையில் படுத்திருந்த உடும்பு போன்ற பெரிய பிராணியை ரிஸ்வான் கபரகொய்யா என்றான்; கபரகொய்யா என்று கத்த, அது பயந்து தண்ணீரில் விழுந்தது. எங்கள் கூட்டத்தில் அவன்தான் சின்னவன். வீட்டில் குசுகுசுத்தே பழகிய எனக்கு, வெளியில், வெயிலில், தமிழில் கத்தக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை.

கலா பிறகுதான் வந்து சேர்ந்தாள். வன்னியிலிருந்து வந்து, வெளிநாட்டுக்குப் போவதற்காக எங்கள் ஒழுங்கை "லொட்ஜ்" ஒன்றில் தன் சித்தியோடு தங்கியிருந்தவள். பதினாறு முடிந்தும் அடையாள அட்டையான "ஐ.சி." கைக்கு வரவில்லை. ஐ.சி. இல்லாத வன்னிப் பிள்ளை செக் பொயின்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொலிசுக்குக் கொண்டுபோவார்கள். எப்போது விடுவார்கள், விடுவார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் அவள் மாதக்கணக்கில் அறையை விட்டு இறங்கவில்லை, யாரோடும் கதைக்கவுமில்லை. மேர்சி அக்கா போய்ப் போய் அந்தச் சித்தியைக் கரைத்தார். கடைசியில், "பிள்ளை உங்கட பொறுப்பு" என்று ஒரு சனிக்கிழமை விட்டார்கள்.

அன்றைக்கும் அவள் வானில் வாய் திறக்கவில்லை. சதுப்பில் இறங்கி, செருப்பைக் கழற்றி, எங்களைப் போல் அருவருக்காமல் நேரே தண்ணீருக்குள் போனாள். நீளநீளமாக இலைகள் மிதந்த ஓர் இடத்தில் நின்றாள். இலைகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு பூக்கதிர் நிமிர்ந்து நின்றது. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் கண்டது அப்போதுதான்.

"கொட்டி" என்றாள். "இதில கிழங்கு இருக்கும். இடம்பெயர்ந்து இருந்த நேரம் அவிச்சுத் திண்டனாங்கள்."

கலா கதைத்துவிட்டாள் என்ற சந்தோஷப் புளுகத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். கொட்டி, கொட்டி, கொட்டி.

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குப் புலிகள் என்று அர்த்தம். அந்த வருடங்களில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. மேர்சி அக்காவின் முகம் வெளிறியதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் வரம்பில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துவக்கோடு ஓர் ஆமிக்காரர் ஓடி வந்தார்.

"கவுத கொட்டி கிவ்வே?"

யார் கொட்டி என்றது என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்த மேர்சி அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த ஒரு செடிக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "மலக் மஹத்தயா", அது ஒரு பூ ஐயா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புலி என்று பூவுக்கு யார் பெயர் வைப்பார்கள்? ஆமிக்காரர் நம்பவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற கலாவைப் பார்த்து, "ஐ.சி. எக்க தென்ன" என்று கையை நீட்டினார்.

கலாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஐ.சி. என்றது மட்டும் விளங்கியிருக்கும். அவள் குனிந்து கையைச் சேற்றுக்குள் விட்டாள். துவக்கு நிமிர்ந்தது. மேர்சி அக்கா "ஏசுவே" என்றது எனக்குக் கேட்டது. எனக்கு மூத்திரம் போய்விட்டது, சொல்ல வெட்கமில்லை.

அவள் கை வெளியில் வந்தபோது அதில் ஒரு சின்னக் கிழங்கு இருந்தது. சட்டையில் துடைத்து, அவித்துத் தின்பதைப் பச்சையாகவே கடித்து, ஆமிக்காரரைப் பார்த்துக்கொண்டே மென்றாள். மிச்சத்தை அவரிடம் நீட்டினாள்.

அவர் கிழங்கைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். அவருக்கும் மேர்சி அக்காவின் வயதுதான் இருக்கும்.

"கெக்கட்டிய" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. ஒருவர் பெயர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதானே விளையாட்டு. ரிஸ்வான் பழக்கத்தில் "கெக்கட்டிய" என்றான். மற்றவர்களும் கெக்கட்டிய என்றோம். அந்த மனிதர் திகைத்துப்போனார். பிறகு, தன் அம்மாவும் இதைச் சமைப்பார் என்று சிங்களத்தில் சொன்னார். ஐ.சி.யை மறுபடி கேட்கவில்லை. மேர்சி அக்காவை மட்டும் பக்கத்தில் அழைத்து ஏதோ சொல்லிவிட்டு வரம்பால் நடந்து போனார். அந்தச் சொல் இந்தப் பக்கம் இனிக் கேட்கக்கூடாது, அடுத்த முறை வேறு ஆள் நின்றால் கேள்வி கேட்க மாட்டான் என்றாராம். வான் வெள்ளவத்தைக்கு வந்த பிறகுதான் மேர்சி அக்கா அதை எங்களுக்குச் சொன்னார்.

மேலும் சில சனிக்கிழமைகள் போனோம். "இனிமே காட்டுங்க, சொல்லாதீங்க" என்றார் மேர்சி அக்கா. விரலால் காட்டினோம். பெயரில்லாமல் எதைக் கண்டும் சந்தோஷம் வரவில்லை, போவதும் தானாகவே நின்றுபோனது. கலா கனடாவுக்குப் போனாள். மேர்சி அக்காவும் பிறகு இத்தாலியில் இருப்பதாகக் கேள்வி.

இப்போது அங்கே சென்றி இல்லை. வரம்பில் கல் பதித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் நுகேகொடைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஓட வருகிறார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன மாதம் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன், மேர்சி அக்காவின் விளையாட்டோடு. செடியின் படம் போட்டு ஒரு பலகை நட்டிருந்தது. தமிழ் வரியிலும் "கெக்கட்டிய" என்றே இருந்தது.

"மிஸ், உங்க வீட்டுல இதுக்கு என்ன பேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

சொன்னேன்.

"கேக்கல்ல மிஸ். சத்தமா சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன். விளையாட்டின்படி பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பிக் கத்தினார்கள். கொட்டி, கொட்டி, கொட்டி. நான் பூவைப் பார்க்கவில்லை. வரம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை.