அடுப்படியில் சொன்ன வசனம்

என் மகன் சினிமாவுக்கு வசனம் எழுதுகிற ஒருவரிடம் உதவியாளனாக இருக்கிறான். அவன் வேலை செய்த முதல் படம் வந்தபோது, சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து அவனும் நானும் என் வீட்டுக்காரரும் தாம்பரத்துத் தியேட்டருக்குப் போனோம். எனக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. கையில் பெட்டியோடு வாசற்படியில் நின்று கதாநாயகி புருஷனிடம் சொல்கிறாள்: "நான் உனக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்குற கைப்பிடி. ஆடும்போது கெட்டியா பிடிச்சுக்குவ. ஸ்டேஷன் வந்தா விட்டுட்டு இறங்கிப் போயிடுவ."

பின் வரிசையில் ஒரே விசில். "மச்சான், புருஷன் காலிடா!" என்று எவனோ கத்தினான்.

அது நான் சொன்னது. தோசையைத் திருப்பிக்கொண்டே, மகனிடம், சிரித்தபடி சொன்னது. வேலையில் இருந்த காலமெல்லாம் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடி போய்வந்த என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது. நான் சொன்னபோது அதில் பெட்டியும் இல்லை, வாசற்படியும் இல்லை. இவள் சொல்லும்போது பின்னால் வயலின் அழுகிறது. வார்த்தை அதேதான். ஆனால் வீட்டை விட்டுப் போகிறவளின் வார்த்தையாகிவிட்டது. இவ்வளவும் அதற்குள் இருந்ததா? அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

விளக்கு போட்டதும் மகனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரு!"

"நீ எப்பம்மா அவர்கிட்ட நேரா பேசியிருக்க? சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுடா, மாத்திரை போடச் சொல்லுடான்னுவ. சின்ன வயசுலேருந்து நான்தானே கொண்டு போய்ச் சொல்றேன். இதையும் சொல்லிட்டேன்."

உண்மைதான். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. ஆனால் இதைச் சொல்லச் சொல்லி நான் அனுப்பவில்லையே.

அதற்குள் அவர் வந்துவிட்டார். மகனைத்தான் கேட்டார்.

"அந்தக் கைப்பிடி உங்கம்மா பேச்சுதானே?"

"ஆமாப்பா."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்.

"எப்போ விட்டேன்?"

என்னிடமே கேட்டார்! நான் மகனைப் பார்த்தேன். அவன் பாப்கார்ன் வாங்கப் போகிறவன்போல நழுவிவிட்டான்.

"எங்கம்மா காரியத்தன்னிக்கு," என்றேன். யாரோ பேசுவதுபோல இருந்தது என் குரல். "பந்தி முடியறதுக்குள்ள டியூட்டின்னு கிளம்பிட்டீங்க. இருங்கன்னு நான் கேட்டேன். காதுல விழாத மாதிரி செருப்பை மாட்டுனீங்க."

அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே படம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.